ஓடியதா, ஓட்டினார்களா? – தங்க மனிதனும் சோமனின் துடியும்

பொங்கலுக்கு அம்மா ஊரிலிருந்து பெங்களூர் வந்திருந்தார். எட்டாவது படிக்கும் என் மகள், ஆச்சியைப் பால்கனி வெளிச்சத்தில் உட்கார வைத்து, அவர் சொன்ன ஒரு கதையை மொபைலில் படம் பிடித்தாள். நரி, கிழவி, கொல்லையில் காய்த்த பூசணிக்காய் என்று போகும் கதை. நானும் என் அக்காவும் திண்ணையில் உட்கார்ந்து ஆயிரம் தடவை கேட்டது. மொத்தம் ஆறு நிமிடம். பெங்களூரில் பிறந்த பிள்ளைகளுக்குப் புரியாத திருநெல்வேலி வார்த்தைகளுக்கெல்லாம் கீழே அர்த்தம் வேறு போட்டாள். நான்கு ராத்திரி வேலை. யூடியூபில் ஏற்றினாள்.

இரண்டு மாதத்தில் பார்த்தவர்கள் 61 பேர். அதில் பாதி எங்கள் சொந்தக்காரர்கள். அதே வாரம் அவள் வகுப்புத் தோழி ஒருத்தி, தன் வீட்டுப் பூனை மின்விசிறியைப் பார்த்துத் தலையைச் சுற்றுவதை 15 நொடி எடுத்துப் போட்டிருக்கிறாள். நாற்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது.

"அழிச்சிடறேன்ப்பா. நல்லா இருந்திருந்தா பார்த்திருப்பாங்கல்ல?"

நான் பெரிய மனுஷத் தோரணையில், "எண்ணிக்கையில என்னடா இருக்கு" என்று ஆரம்பித்தேன். "அப்ப நீங்க மட்டும் ஏன் ரேட்டிங் பார்த்துட்டு சினிமாவுக்கு டிக்கெட் போடறீங்க?" என்றாள். சமையலறையில் தங்கமணி சிரித்த சத்தம் கேட்டது. எனக்குப் பதில் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கீழ்வீட்டு ஓனர் சாரிடம் காபிக்குப் போனபோது இதைச் சொன்னேன். எழுபது தாண்டியவர். மண்டியா பக்கத்துக் கிராமம். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பதினைந்து வருஷமாக நாங்கள் மாடியில் இருக்கிறோம், தமிழும் கன்னடமும் கலந்துதான் பேச்சு. அவர் ஒரே போடாகப் போட்டார்: "நோடி, நூத்தி நாலு வாரம். ஒரே தியேட்டர். ஜனங்க முட்டாளா? நல்லா இல்லாமலா ஓடும்?"

அவர் சொன்ன படம் 'பங்காரத மனுஷ்ய'. தங்க மனிதன். அங்கிருந்து ஆரம்பித்து ஒரு மாதமாகக் கன்னட சினிமாச் சரித்திரத்தைத் தோண்டிக்கொண்டிருக்கிறேன். மகளுக்குச் சொல்ல வேண்டிய பதில் இந்த ஊரிலேயே, ஐம்பது வருஷத்துக்கு முன்னாலேயே கிடக்கிறது. அதைத்தான் இங்கே கொஞ்சம் கோர்வையாக எழுதிப் பார்க்கிறேன்.

*

முதலில் இடம். வெளியூரிலிருந்து பெங்களூருக்கு வந்த எந்தத் தமிழனுக்கும் மெஜஸ்டிக் தெரியாமல் இருக்காது. பஸ் ஸ்டாண்டு, எதிரே ரயில் நிலையம், விடிகாலைக் குளிர், கையில் பெட்டி. அந்தப் பகுதிக்கு அந்தப் பெயர் வந்ததே மெஜஸ்டிக் என்ற சினிமாக் கொட்டகையால்தான். அங்கிருந்து மைசூர் பேங்க் சர்க்கிள் வரை போகும் கெம்பேகவுடா சாலையிலும், ஒட்டியுள்ள காந்திநகரிலும் ஒரு காலத்தில் வரிசையாகத் தியேட்டர்கள்: ஸ்டேட்ஸ், சாகர், சந்தோஷ், நர்த்தகி, மேனகா, கெம்பேகவுடா, திரிபுவன், கபாலி... நாம் கோடம்பாக்கம் என்பதுபோல் கன்னட சினிமாவை அவர்கள் காந்திநகர் என்பார்கள். இன்று அவற்றில் பல இல்லை. கபாலியை இடித்தே விட்டார்கள்.

1972 மார்ச் கடைசியில் ஸ்டேட்ஸ் தியேட்டரில் (பிற்பாடு பூமிகா என்று பெயர் மாறியது) 'பங்காரத மனுஷ்ய' வெளியானது. டி.கே. ராமராவ் எழுதிய நாவல். இயக்கியவர் சித்தலிங்கய்யா. நம் நடிகர் முரளியின் அப்பா என்றால் உங்களுக்குச் சட்டென்று புரியும். இசை ஜி.கே. வெங்கடேஷ், இளையராஜா உதவியாளராக இருந்து தொழில் கற்றுக்கொண்டவர்களில் ஒருவர். பாட்டில் ராஜ்குமாருக்குக் குரல் நம் பி.பி. ஸ்ரீனிவாஸ். அந்த ராஜ்குமாரே இன்றைய ஈரோடு மாவட்டம் தாளவாடி பக்கத்துக் காஜனூர்க்காரர்தான். எல்லைக் கோடுகளை யார் எங்கே போட்டாலும் மனிதர்கள் இரண்டு பக்கமும் போய் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

கதை இதுதான். ராஜீவன் என்ற படித்த இளைஞன் அக்கா வீட்டுக்கு வருகிறான். அக்காவின் கணவர் இறந்துபோகிறார். குடும்பத்தைத் தூக்கி நிறுத்த அவன் கிராமத்திலேயே தங்கி, தரிசைத் திருத்தி விவசாயம் செய்து ஜெயிக்கிறான். கடைசியில், அவன் வளர்த்து ஆளாக்கிய அக்கா மகனே சொத்தைச் சுருட்டியதாக அவன்மேல் பழி போடுகிறான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் பாதியில் எழுந்து, ஒரு வார்த்தை பேசாமல் வீட்டை விட்டு நடந்து போய்விடுகிறான்.

இந்தப் படம் ஸ்டேட்ஸ் தியேட்டரில் இரண்டு வருஷம் ஓடியது. பட்டணத்தில் வேலை தேடிக்கொண்டிருந்த பையன்கள் இதைப் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பி ஏர் பிடித்தார்கள் என்று இன்றும் கர்நாடகத்தில் சொல்வார்கள். ஓனர் சார் அப்போது பட்டணத்துக் கல்லூரிக்குப் புதிதாக வந்த மாணவர். ஒன்பது தடவை பார்த்தாராம். "ஒவ்வொரு தடவையும் அவன் எழுந்து போறப்ப அழுதுடுவேன்" என்கிறார்.

இரண்டு வருஷம் என்பதை இன்றைய கணக்கில் பார்க்கக் கூடாது. அன்று ஒரு படத்துக்குச் சில பிரதிகள்தான். ஊருக்கு ஒன்றோ இரண்டோ தியேட்டர். இன்று முதல் மூன்று நாளில் ஆயிரக்கணக்கான திரைகளில் கறப்பதை, அன்று ஒரே கொட்டகையில் வருஷக்கணக்கில் கறந்தார்கள். ஆனால் அதில் ஒரு நேர்மை இருந்தது. மூன்று நாள் கூட்டத்தை விளம்பரத்தால் கூட்டிவிடலாம். நூறாவது வாரத்துக்குக் கூட்டம் வர வேண்டுமென்றால், பார்த்தவன் ஊருக்குப் போய் இன்னொருவனிடம் சொல்லியிருக்க வேண்டும். அவன் பஸ் ஏறி மெஜஸ்டிக் வந்திருக்க வேண்டும். பார்த்தவனே மறுபடி வந்திருக்க வேண்டும். ஓனர் சார் கட்சிக்கு இதுதான் பலம். நானும் அதை ஒப்புக்கொள்கிறேன்.

*

இப்போது அதே ஊரின் இன்னொரு பக்கம்.

1970-இல் 'சம்ஸ்கார' வந்தது. யு.ஆர். அனந்தமூர்த்தியின் 1965 நாவல். இயக்கம் பட்டாபிராம ரெட்டி. கிரீஷ் கர்னாட் நடித்தார். ஒளிப்பதிவு டாம் கோவன் என்ற ஆஸ்திரேலியர். அக்கிரகாரத்தில் ஒருவர் சாகிறார். ஆசாரங்களை மீறி வாழ்ந்தவர் என்பதால் அவருக்கு யார் கொள்ளி வைப்பது என்று ஊர் கூடிப் பேசுகிறது, பிணம் கிடக்கிறது. சென்னையில் இருந்த தணிக்கை வாரியம் படத்தைத் தடை செய்தது. பிறகு தடை நீங்கி, அந்த ஆண்டின் இந்தியாவின் சிறந்த படம் என்ற தேசிய விருதையும் வாங்கியது. கன்னடத்துக்கு அந்த விருது அதுவே முதல் முறை. அதில் சந்திரியாக நடித்த சினேகலதா ரெட்டி, நெருக்கடி நிலையின்போது பெங்களூர்ச் சிறையில் வாடி, வெளியே வந்த சில நாட்களில், 1977 ஜனவரியில் இறந்துபோனார். அது தனியாக எழுத வேண்டிய கதை.

அதன்பின் வரிசையாக வந்தன: பி.வி. காரந்தும் கிரீஷ் கர்னாடும் இயக்கிய 'வம்சவிருக்ஷ', 1975-இல் காரந்தின் 'சோமன துடி', 1977-இல் கிரீஷ் காசரவள்ளியின் 'கடஸ்ராத்த'. கடைசி இரண்டும் இந்தியாவின் சிறந்த படம் விருதை வாங்கியவை. எட்டு வருஷத்துக்குள் மூன்று முறை அந்த விருது. 1971-இல் பெங்களூரில் தொடங்கிய சுசித்ரா போன்ற திரைப்படச் சங்கங்கள் இப்படிப்பட்ட படங்களுக்கு ஆள் சேர்த்தன. சங்கம் என்றால் என்ன, சில நூறு பேர். இந்தப் படங்களில் எதுவும் கெம்பேகவுடா சாலையில் 104 வாரம் ஓடவில்லை. ஓனர் சாரிடம் கேட்டேன். "சோமன துடியா? நாவலைப் பள்ளிக்கூடத்துல சொல்லியிருக்காங்க. படம் எங்க ஓடிச்சுன்னுகூட எனக்குத் தெரியாதப்பா."

ஆக, ஒரு பக்கம் பரிசுகள், இன்னொரு பக்கம் கூட்டம். வழக்கமாக இந்த இடத்தில் இரண்டு கோஷ்டியாகப் பிரிந்து சண்டை போடுவோம். "ஜனங்களுக்கு ரசனை கிடையாது" என்று ஒரு கோஷ்டி. "ஆர்ட் படம்னா தூக்கம்" என்று இன்னொரு கோஷ்டி. எனக்கு இந்தச் சண்டை அலுத்துவிட்டது. கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம்.

*

'சோமன துடி'யும் 'பங்காரத மனுஷ்ய'வும் ஒரே விஷயத்தைப் பற்றியவை. மண்.

துடி என்றால் சின்னப் பறை. புறநானூற்றில் துடியன் வருகிறானே, அதே துடி. சிவராம காரந்த் 1933-இல் எழுதிய நாவல். களம் தென் கன்னடம். அது அன்றைக்கு நம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மாவட்டம். சோமன் தீண்டாமைக்கு ஆளான சாதியில் பிறந்த பண்ணையாள். அவனுக்கு ஒரே ஆசை, சொந்தமாக ஒரு துண்டு நிலத்தை உழ வேண்டும். காட்டில் கிடைத்த இரண்டு காளைகளை வளர்க்கிறான், ஏருக்காக. ஆனால் அவன் சாதிக்கு நிலம் கிடையாது என்பது ஊர் வழக்கம். தோட்டத்தில் வாங்கிய கடன் கழுத்தை நெரிக்கிறது. ஒரு மகன் நோயில் போகிறான். இன்னொருவன் ஆற்றில் மூழ்கும்போது, தொட்டால் தீட்டு என்று கரையில் நின்றவர்கள் கை கொடுக்கவில்லை. ஆத்திரமோ துக்கமோ, சோமனுக்குத் தெரிந்த ஒரே பேச்சு துடியை எடுத்து அடிப்பது. அடித்துக்கொண்டே சாகிறான். சோமனாக நடித்த எம்.வி. வாசுதேவ ராவுக்கு அந்த ஆண்டின் சிறந்த நடிகர் தேசிய விருது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ராஜீவன் தரிசைத் திருத்துகிறான், மண் பொன்னாகிறது. உழைத்தால் உயரலாம் என்கிறது படம். உண்மைதான், நிலம் இருந்தால். சோமனும் உழைப்பாளிதான், காளைகூட வைத்திருக்கிறான். அவன் உழ ஒரு அடி மண்ணில்லை. முதல் படம் நிலத்தை எப்படி உழுவது என்று காட்டியது. இரண்டாவது படம் நிலம் யாருடையது என்று கேட்டது.

இந்தக் கேள்வி ஏதோ பழங்காலத்துச் சங்கதியும் இல்லை. இரண்டு படங்களுக்கும் நடுவில், 1974 மார்ச்சில், தேவராஜ் அர்ஸ் அரசின் நிலச் சீர்திருத்தத் திருத்தம் கர்நாடகத்தில் நடைமுறைக்கு வந்தது. குத்தகைக்கு உழுதவர்கள் ஏழாம் எண் படிவத்தை நிரப்பி நிலத் தீர்ப்பாயத்தில் கொடுத்தால், உழுத நிலம் அவர்களுக்கு. கர்நாடகக் கிராமம் முழுக்க இதே பேச்சாக இருந்த காலம். அந்தச் சட்டத்திலும் குத்தகைதாரர்களுக்குக் கிடைத்த அளவுக்குச் சோமனைப் போன்ற கூலியாட்களுக்குக் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

இதை ஓனர் சாரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "எங்க நிலமும் போச்சு" என்றார். நாலு ஏக்கர். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தார். உழுதவர் படிவம் கொடுத்தார், கிடைத்துவிட்டது. வீட்டில் அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். "அந்த வருஷமும் நான் ஸ்டேட்ஸ்ல போய் ராஜீவனுக்காக அழுதேன். எங்க வயலை உழுதவன் பேரு இன்னும் ஞாபகம் இருக்கு. அவன் அந்தப் படத்தைப் பார்த்தானா, பார்த்தா யாருக்காக அழுதிருப்பான், ஒரு நாளும் யோசிச்சதில்லை."

அவர் குற்ற உணர்ச்சியில் சொல்லவில்லை. நிஜமாகவே அப்போதுதான் தோன்றியது போலச் சொன்னார்.

அந்த இரண்டு வருஷக் கூட்டம் பொய் சொல்லவில்லை. அத்தனை ஆயிரம் பேர் ராஜீவனில் தங்கள் மாமாவை, அண்ணனை, தங்களையே பார்த்தார்கள். அது ஒரு படத்துக்குச் சின்னச் சாதனை இல்லை. ஆனால் கூட்டம் அந்த ஒரு கேள்விக்குத்தான் பதில் சொன்னது: "இது என்னைத் தொட்டதா?" யாரைப் படம் பார்க்கவே இல்லை என்ற கேள்வி சீட்டில் அச்சடிக்கப்படவில்லை. எண்ணிக்கையை எத்தனை தடவை எண்ணினாலும் அந்தப் பதில் அதில் கிடைக்காது.

*

சரி, அப்படியென்றால் நடுவர்கள் சொல்வதே வேதமா? அங்கேதான் 1975 வருகிறது.

பெங்களூரிலிருந்து மைசூர் சாலையில் ஐம்பது கிலோமீட்டர் போனால் ராமநகரா. பாறைக் குன்றுகள். அங்கே ஒரு கிராமத்தையே கட்டி எழுப்பி ரமேஷ் சிப்பி எடுத்த 'ஷோலே', 1975 ஆகஸ்ட் 15 அன்று வெளியானது. ஆரம்பத்தில் விமர்சகர்கள் திட்டித் தீர்த்தார்கள். முதல் சில நாட்கள் வசூலும் மந்தம். பார்த்தவர்கள் வாயால் சொல்லிச் சொல்லித்தான் அது எழுந்தது. பம்பாய் மினர்வா தியேட்டரில் ஐந்து வருஷம் ஓடியது. ஃபிலிம்ஃபேர் விருதில் கிடைத்தது ஒன்றே ஒன்று, படத்தொகுப்புக்கு. சிறந்த படம் விருது 'தீவார்' படத்துக்குப் போனது. (வேடிக்கை, இரண்டுக்கும் கதை வசனம் அதே சலீம்–ஜாவேத்.)

அதே 1975-ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதில் சிறந்த படம் 'சோமன துடி'. அந்த ஆண்டுதான் அரசு இன்னொரு புது விருதையும் தொடங்கியது: நல்ல பொழுதுபோக்கு தரும் சிறந்த ஜனரஞ்சகப் படம். "சிறந்தது" ஒரு பெட்டி, "ஜனங்களுக்குப் பிடித்ததில் சிறந்தது" இன்னொரு பெட்டி என்று சர்க்காரே பிரித்துவிட்டது! சரி, அந்த இரண்டாவது பெட்டியாவது ஷோலேக்கா? இல்லை. 'தபஸ்யா' என்ற படத்துக்கு. இன்று தெருவில் போகிற நூறு பேரை நிறுத்தி 'தபஸ்யா' தெரியுமா என்று கேளுங்கள். கப்பர் சிங்கைத் தெரியுமா என்றும் கேளுங்கள். ஜனரஞ்சகம் எது என்று தேடப் போன நடுவர்களுக்கு, ஜனங்கள் கூடி நின்ற இடம் கண்ணில் படவில்லை.

ஆக, கூட்டமும் தவறவிடும், நடுவர்களும் தவறவிடுவார்கள். ஆனால் தவறவிடுவது ஒரே மாதிரி இல்லை. சோமனைப் போன்றவன் படத்தில் வராவிட்டால் கூட்டம் தேடாது. அமிதாப்பும் தர்மேந்திராவும் மோட்டார் சைக்கிளில் பாடிக்கொண்டு போவதில் இருக்கும் வித்தையை நடுவர்கள் வித்தையாக எண்ணுவதில்லை.

*

நம் பக்கத்திலும் இந்தக் கணக்குகள் உண்டு. 1954-இல் ஏ.வி.எம். தயாரித்து எஸ். பாலச்சந்தர் இயக்கிய 'அந்த நாள்'. பாட்டே இல்லாத படம், சிவாஜிக்குத் தேசத் துரோகி வேடம். வந்த புதிதில் ஓடவில்லை. அந்த ஆண்டு தமிழில் முதல் பரிசான வெள்ளிப் பதக்கம் எம்.ஜி.ஆரின் 'மலைக்கள்ளன்' படத்துக்கு, 'அந்த நாளு'க்கு நற்சான்றிதழ். 'மலைக்கள்ளன்' சக்கைப்போடு போட்ட படம். அந்த வருஷம் கூட்டமும் நடுவர்களும் ஒரே பக்கம் நின்றார்கள். இன்று தமிழ் சினிமாச் சரித்திரம் எழுதுகிற யாரும் 'அந்த நாளை'த் தாண்டிப் போவதில்லை.

அதற்குப் பத்து வருஷம் முன்னால் 'ஹரிதாஸ்'. 1944 தீபாவளிக்குச் சென்னை பிராட்வே தியேட்டரில் வந்து மூன்று தீபாவளி கண்டது. அதற்குள் நாயகன் எம்.கே. தியாகராஜ பாகவதர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதாகிச் சிறைக்கே போய்விட்டார். திரையில் அவர் பாடிக்கொண்டிருந்தார், ஆள் உள்ளே இருந்தார், கூட்டம் குறையவில்லை. 1947-இல் விடுதலையாகி வெளியே வந்தார். குரல் அதே குரல். ஆனால் அதன்பின் வந்த படங்கள் எடுபடவில்லை. காலம் நகர்ந்திருந்தது. எண்ணிக்கைதான் தரம் என்றால், அந்தக் குரலின் தரம் எந்தத் தேதியில் இறங்கியது என்று யாராவது சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. தமிழில் இரண்டு வினைச்சொல் வைத்திருக்கிறோம். படம் ஓடியது. படத்தை ஓட்டினார்கள். :-) மன்றத்தார் டிக்கெட்டை மொத்தமாக வாங்கி, காலி நாற்காலிகளுக்குப் படம் காட்டி நூறாவது நாள் சுவரொட்டி ஒட்டிய கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. இன்று பார்வை எண்ணிக்கையைக் காசு கொடுத்து ஏற்றுகிறார்கள். கருவி மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஓடவிடாமல் செய்வதும் உண்டு. பெங்களூர்த் தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1991 டிசம்பர் காவிரிக் கலவரத்தின்போது இந்த ஊரில் தமிழ்ப் படங்கள் திரையிலிருந்தே காணாமல் போயின. 2018 ஜூனில் 'காலா' முதல் நாள் இங்கே பெரும்பாலான தியேட்டர்களில் வெளியாகவில்லை. 2025 ஜூனில் 'தக் லைஃப்' மற்ற இடங்களில் வெளியான நாளில் கர்நாடகத்தில் வெளியாகவே இல்லை. உச்ச நீதிமன்றம் வரை போய், தடுக்கக் கூடாது என்று வந்தபோது படத்தின் மவுசே போய்விட்டிருந்தது. அந்தப் படங்கள் நல்லவையா இல்லையா என்பது தனிக் கதை. கதவைச் சாத்திவிட்டு உள்ளே எத்தனை பேர் என்று எண்ணினால் அது கணக்கில்லை. மறுபக்கமும் சொல்ல வேண்டும். பெங்களூரில் தமிழ், தெலுங்கு, இந்தி, ஆங்கிலம் என்று வரும் பெரிய படங்களுக்கு நடுவே தங்கள் மொழிப் படத்துக்குத் தியேட்டர் கிடைக்கவில்லை என்ற கன்னடக்காரர்களின் குறை பல பத்தாண்டுப் பழையது. அதுவும் கதவு பற்றிய குறைதான்.

*

கூட்டத்தைக் குறை சொல்லியே முடித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் நடந்தது ஒன்று. 2006 டிசம்பர் 29, 'முங்காரு மளே'. முதல் மழை. இயக்கம் யோகராஜ் பட். நாயகன் கணேஷ், டி.வி.யில் நகைச்சுவை நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தவர், பெரிய நட்சத்திரம் கிடையாது. படம் முழுக்க மழை. ஆபீசில் என் பக்கத்து சீட்டு ஹூப்ளிக்காரப் பையன் இழுத்துக்கொண்டு போனான். கன்னடப் படத்துக்கு வராது என்று நினைத்திருந்த மல்டிபிளெக்ஸ் கூட்டம் வந்தது. கோரமங்களா பி.வி.ஆரில் ஒரு வருஷத்துக்கும் மேல் ஓடியது. அந்தப் படத்தை யாரும் ஓட்டவில்லை, ஓடியது. இப்படி ஒன்றைக் கண்டுபிடிக்கிற சாமர்த்தியம் எந்த நடுவர் குழுவுக்கும் கிடையாது.

நடுவில் நின்றவர்களும் உண்டு. புட்டண்ண கணகால் 'சரபஞ்சர' எடுத்தார். மனநலம் குலைந்த ஒரு குடும்பப் பெண்ணின் கதை. கூட்டமும் வந்தது, இன்றும் மதிப்பாகப் பேசுகிறார்கள். அவரிடம் உதவி இயக்குநராக இருந்தவர்தான் நம் பாரதிராஜா. 1977-இல் '16 வயதினிலே' எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா? இரண்டு பெட்டி என்பது நாம் போட்ட பிரிவுதான்.

அதே 1977-இல் வந்த 'கடஸ்ராத்த', கணவனை இழந்த இளம்பெண் ஒருத்தியை ஊர் விலக்கிவைப்பதை ஒரு சின்னப் பையனின் கண்ணால் பார்த்த படம். 47 வருஷம் கழித்து, 2024-இல், பழைய பிரதியைச் சீர்செய்து வெனிஸ் திரைப்பட விழாவில் திரையிட்டார்கள். எப்படி முடிந்தது? யாரோ அந்தப் பிரதியைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். கூட்டம் இல்லாத படத்துக்கு முதல் ஆபத்து, யாரும் பார்க்காதது இல்லை. யாரும் பார்க்கவில்லையே என்று அழித்துவிடுவது. பார்க்க வேண்டியவன் நாற்பது வருஷம் கழித்துப் பிறந்து வரலாம். அவன் வரும்போது படம் இருக்க வேண்டும்.

மகளிடம் இந்தக் கதையெல்லாம் இரண்டு மூன்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். பாதி கேட்டாள், பாதி கொட்டாவி. கடைசியில் நான் சொன்னது இவ்வளவுதான்: "எண்ணிக்கை பொய் இல்லடா. எத்தனை பேருக்கு உடனே பிடிச்சதுங்கிறதை அது சரியாத்தான் சொல்லும். வேற எதையும் அதுகிட்ட கேக்காதே. ஆச்சி கதை நல்லா இருக்கான்னு கேக்கணும்னா, கதையத்தான் திரும்பப் பார்க்கணும்."

அவள் திரும்பப் பார்த்தாள். இரண்டாவது நிமிடத்தில் சத்தம் சரியில்லை, பின்னால் குக்கர் விசில் அடிக்கிறது என்று கண்டுபிடித்தாள். அதுவும் சரிதான். 61 பேர் பார்த்ததால் மட்டும் ஒன்று உயர்ந்ததாகிவிடாது, குறை இருந்தால் குறைதான்.

அம்மாவிடம் போனில் விஷயத்தைச் சொன்னோம். அவருக்கு யூடியூப் கணக்கெல்லாம் புரியாது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது மட்டும் காதில் விழுந்தது.

"அறுபத்தோரு பேரா? ஏ அப்பா! நம்ம வீட்டுத் திண்ணையில அம்புட்டுப் பேரு உக்கார எடம் ஏது?"

பி.கு: போன சனிக்கிழமை ஓனர் சாரும் நானும் 'சோமன துடி' பார்த்தோம். முடிந்தபின் ரொம்ப நேரம் அவர் எதுவும் பேசவில்லை. பிறகு, "ஒன்பது தடவை பார்க்க மாட்டேன்பா இதை" என்றார். எழுந்து போகும்போது, "ஆனா அப்பவே ஒரு தடவை பார்த்திருக்கணும்" என்றார்.